ஆயிரம் ஸ்தோத்திரமும் அடைத்த தொண்டையும்

சபையாரே, எனக்குப் பொறுமை கிடையாது. ஆமென் சொல்லுமுன்பே பதில் வந்துவிட்டதா என்று கண்ணைத் திறந்து பார்க்கிறவள் நான். அப்படிப்பட்டவளுக்குத்தான் போன வருஷம் மழைக்காலம் முடிந்த கையோடு தொண்டை அடைக்க ஆரம்பித்தது.

சக்குபள்ளம் என்ற மலையூரில் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கும் வேலை எனக்கு. வனக்காவலர் வேலைக்கான எழுத்துப் பரீட்சையில் தேறியிருந்தேன். ஓட்டத் தேர்வு மட்டும் பாக்கி. என் வயதுக்கு அதுவே கடைசி வாய்ப்பு. தினமும் விடிந்ததும் தோட்டத்துச் சாலையில் ஓடுவேன். ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் குரல்வளையை யாரோ பிடிப்பது போலிருக்கும். மூச்சு உள்ளே போகாது. விசில் மாதிரி சத்தம் வரும். செத்துப்போவேன் என்று பயந்து சாலையோரம் உட்கார்ந்துவிடுவேன்.

டாக்டர் பரிசோதித்துவிட்டு, "நுரையீரலில் குறை இல்லை, ஓடும்போது தொண்டைதான் இறுகுகிறது, பதறாமல் மூக்கால் மூச்சை இழுத்துப் பழகு" என்றார். எனக்கு அது போதவில்லை. மூன்று நாள் உபவாசம் இருந்தேன். தினமும் வாய்விட்டுச் சொல்லும் ஐந்நூறு ஸ்தோத்திரத் துதிகளை ஆயிரமாக்கினேன். அடைப்பு அதிகமானது. தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஏலச்செடிகளுக்கு நடுவில் நின்று அழுதேன். உம்மைத் துதிக்கிற வாய்க்கா இந்தத் தண்டனை என்று ஆண்டவரிடமே சண்டை போட்டேன்.

என் கணவர் ஜீப் ஓட்டுகிறார். சபைக்கு வரமாட்டார். அவர் மனம் மாற ஏழு வருஷமாக ஜெபிக்கிறேன். மறுநாள் நான் எங்காவது விழுந்துவிடுவேனோ என்று ஜீப்பில் பின்னாலேயே வந்தார். நான் உட்கார்ந்ததும் இறங்கி வந்து முதுகைத் தடவினார்.

"ஓடும்போது என்னத்தப் புள்ள பேசிக்கிட்டே வர்ற?"

"ஸ்தோத்திரம் சொல்றேன். வீட்ல உக்காந்து சொல்ல எங்க நேரம்?"

"ஆயிரமுமா?" சிரித்துவிட்டார். "மூச்சு வாங்கவே விடாமப் பேசுனா தொண்ட என்ன செய்யும்? ஒன் ஆண்டவருக்குக் காது நல்லாத்தான் கேக்கும். வாய மூடிக்கிட்டு ஓடு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஜெபமே செய்யாத மனுஷன் எனக்குச் சொல்வதா? அவர் சொன்னது தப்பு என்று காட்டவே மறுநாள் வாயை மூடி ஓடினேன். டாக்டர் சொன்னபடி மூக்கால் இழுத்தேன். ஒரு கிலோமீட்டர் போனது. அடைக்கவில்லை. இன்னொன்றும் போனது. அப்போதுதான் புரிந்தது. நான் அழுது கேட்ட பதில் ஜீப்பில் என் பின்னாலேயே வந்திருக்கிறது.

தேர்வு நாளில் கடைசிச் சுற்றில் தொண்டை மறுபடி இறுகப் பார்த்தது. நான் வாய் திறக்கவில்லை. மனதுக்குள் ஒரே ஒரு 'ஆண்டவரே' மட்டும். நேரத்துக்குள் எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டேன்.

இப்போது காக்கி உடுத்திப் பயிற்சியில் இருக்கிறேன். ஆயிரமும் இன்றும் சொல்கிறேன், உட்கார்ந்து. கணவர் இன்னும் சபைக்குள் வரவில்லை. ஞாயிறுதோறும் வெளியே ஜீப்பில் காத்திருக்கிறார். அவரைப் பற்றி ஆண்டவரிடம் கோள் சொல்வதை மட்டும் விட்டுவிட்டேன்.

உங்களை எது நெருக்கினாலும் நம்பிக் கேளுங்கள். கேட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் வாயை மூடியிருங்கள். பதில் வரும். அது யார் வாயால் வரவேண்டும் என்று மட்டும் நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.