ஸ்க்ரூவுக்கு வைத்த பொட்டு

ஸ்க்ரூடிரைவரில் மாட்டும் பிட் வாங்குவதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. அது ஸ்க்ரூ பள்ளத்தில் ஆடாமல் உட்கார வேண்டும். முனை சீக்கிரம் தேயக் கூடாது. ஆவடியில் துப்பாக்கிச் சுடும் போட்டியன்று என் ஏர் ரைபிளில் குறிபார்க்கும் ஸ்கோப் ஆடியது. அதன் ஸ்க்ரூவை இறுக்கப் போனால், என் அருமையான பிட் வழுக்கியது. எனக்குப் போட்டியாக வந்திருந்த பூந்தமல்லிப் பெண் குனிந்து பார்த்தாள்.

"இன்னாக்கா, ஸ்க்ரூவுக்கா பொட்டு வெச்சிக்கீறே?"

ஆயுத பூஜைக்கு நான் வைத்த சந்தனம் பள்ளத்தில் காய்ந்து கிடந்தது. தன் துப்பட்டா ஊக்கைக் கழற்றி அவளே சுரண்டினாள். பிட் கச்சிதமாக உட்கார்ந்தது. நான் ஜெயித்தேன், அவள் இரண்டாவது.

"சொல்லாம இருந்திருந்தா நீ ஜெயிச்சிருப்பியே?" என்றேன்.

"ஆடுற ஸ்கோப்பை ஜெயிச்சி இன்னாக்கா பெருமை?"

இப்போதும் பொட்டு வைக்கிறேன், துப்பாக்கியின் மரக்கட்டையில் மட்டும். பிட் பெட்டியில் அவள் விட்டுப்போன ஊக்கு இருக்கிறது. அவளே வந்து கேட்டாலும் தர மாட்டேன்.