நாலாவது காம்பு

அந்த மூன்று உழக்குப் பாலை நான் எந்த மாட்டிலும் கறக்கவில்லை. என் பேனாவில் கறந்தேன். இத்தனை வருடம் கழித்தும் அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தால் அந்த மாடு என் முன்னால் வந்து நிற்கிறது. வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை, கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார்கள்.

யுத்த காலம். தேனாம்பேட்டையில் ஒரு பழைய பங்களாவில் எங்கள் சர்க்கார் ஆபீஸ், அதில் நான் குமாஸ்தா. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பக்கங்களில் கடந்த பத்து வருடங்களில் எவ்வளவு பால் கறந்தார்கள், அதன் மதிப்பு என்ன என்று வருட வாரியாகக் கணித்து எழுதுவது என் தலையில் விழுந்த வேலை. அத்தனை வருடமும் யாரும் ஒரு சொட்டைக்கூட அளந்து குறித்து வைத்திருக்கவில்லை. குடித்துத் தீர்த்த பாலை எப்படி அளப்பது என்று மேலதிகாரியிடம் கேட்டேன்.

“கறந்தவங்களைப் போய்க் கேளுமய்யா” என்றார், கடையில் உப்பு வாங்கி வரச் சொல்வதுபோல.

போய்க் கேட்டேன். மாடு வைத்திருப்பவர் எவரும் தன் மாடு கறக்கும் அளவை உள்ளபடி சொல்ல மாட்டார். சொன்னால் கண் பட்டு மடி வற்றிவிடும். வாளி நிரம்பி வழிந்துகொண்டிருக்கும்போதே, “அது எங்க சார் கறக்குது, எங்க ஊட்டு காப்பிக்கே பத்தலை” என்பார்கள். இது எங்களுக்கும் தெரியும். அதனால் யார் எவ்வளவு சொன்னாலும் அதோடு கால் பங்கு சேர்த்து எழுதுவோம், படிக்கு ஓர் உழக்கு. ஆபீஸில் அதற்குத் திருஷ்டிக் கணக்கு என்று பெயர் வைத்து, சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அதை ஆரம்பித்து வைத்தவன் நான்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டு வாசலுக்கு தினமும் காலையில் மாட்டை ஓட்டி வந்து, கண்ணெதிரே கறந்து கொடுப்பாள் ஒரு பால்காரம்மா. ஒரே ஒரு மாடு, அதன் கன்று. எங்கள் பெண் குழந்தைக்கு அப்போது ஒரு வயது, அந்தப் பாலில்தான் வளர்ந்தாள். ஒரு மத்தியானம் நோட்டை எடுத்துக்கொண்டு கால்வாய்க் கரையிலிருந்த அவள் கொட்டகைக்குப் போனேன்.

“இன்னா சார், இம்மாந்தூரம் வந்துகீறீங்க?” என்றாள். விஷயத்தைச் சொன்னதும் யோசிக்காமல் பதில் வந்தது. “மூணு காம்புல கறக்கறேன், மூணு படி கீது. நாலாவது காம்பு கன்னுக்குட்டியோடது. அத்தத் தொட மாட்டேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “கண் படும்னு பயமில்லையா?”

“பயந்துகினு இருந்து இன்னா சார் ஆச்சு? எம் புள்ளைக்குக் கன்னத்துல மை வச்சு, முந்தானையில மூடிக்கினுதான் தெருவுல தூக்கினு போவேன். யாரு கேட்டாலும் புள்ள ஒண்ணும் துன்ன மாட்டேங்குதுன்னு சொல்லுவேன். மூணு வயசுல ஜொரம் வந்து பூட்டான். இனிமே இன்னாத்துக்குப் பொய்யி?”

அவளே தொடர்ந்தாள். “முன்னாடி வருசத்துக் கணக்கும் கேட்டீங்களே. நாலு வருசமாத்தான் விக்கறது மூணு படி, அதுக்கு முன்னாடி அரைப்படி கம்மி. அவன் குடிச்சது மிச்சம்.”

எழுதிக்கொண்டேன். எங்கள் பதிவேட்டில் அது அவன் போன வருடத்துப் பால் விற்பனையின் உயர்வு. அடுத்த கட்டத்தில் அந்த உயர்வுக்கு ஒரு மதிப்பும் போட்டேன்.

அதன் பிறகு நான் செய்ததுதான் இன்றும் என்னைத் துரத்துகிறது. ஆபீஸுக்குத் திரும்பி, அவள் சொன்ன மூன்று படிக்கும் கால் பங்கு சேர்த்தேன். இப்படி அழ வைத்து ஏமாற்றுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. எங்கள் பதிவேட்டின் கடைசி வருடத்தை வைத்து, ஒவ்வொருவரும் பாலில் பாதியைப் பட்டாளத்து ஆஸ்பத்திரிக்கும் மீதியை வாடிக்கை வீடுகளுக்கும் கணக்குக் காட்டி ஊற்ற வேண்டும். அளவு குறைந்தால் மாட்டுக்குப் பிண்ணாக்கு வாங்கும் ரேஷன் சீட்டு ரத்து. அந்தத் தட்டுப்பாட்டில் சீட்டு போனால் மாடும் போன மாதிரிதான்.

மறுநாள் காலை கறந்து முடித்ததும் அவள் போகாமல் நின்றாள். “நான் மூணு படின்னுதானே சொன்னேன் சார்? மேல மூணு உழக்கு போட்டுகீறாங்களாம். கன்னுக்குட்டி காம்புல கை வக்கச் சொல்றாங்க. நீங்க சொல்லித் திருத்திக் குடுங்க சார்.”

“பார்க்கிறேன்” என்றேன். மேலதிகாரியின் அறை வாசல் வரை போனேன். ஒன்றைத் திருத்தினால் மற்றதெல்லாம் எந்த லட்சணம் என்று கேட்பாரே என்று பயந்து, கதவருகிலிருந்து திரும்பினேன். அவள் தினமும் கேட்டாள், நானும் தினமும் பார்க்கிறேன் என்றேன். கன்றுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. அப்புறம் ஒரு வாரம் அவளும் வரவில்லை, மாடும் வரவில்லை.

வந்தபோது கன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். உரித்த தோலுக்குள் வைக்கோலை அடைத்துத் தைத்திருந்தது. கண் இருந்த இடத்தில் கறுப்பு நூல் தையல். கன்று இல்லாமல் மாடு பால் சுரக்காது என்று பால்காரர்கள் செய்கிற ஏற்பாடுதான், பட்டணத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இதை மட்டும் பார்க்க முடியவில்லை. அவள் அதை மாட்டின் முன்னால் வைத்தாள். மாடு நக்கிக் கொடுத்தது. பால் இறங்கியது.

அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த என் பெண், கீரைத் தண்டு ஒன்றை எடுத்துவந்து அந்த வைக்கோல் வாயில் வைத்து அழுத்தினாள். பால்காரம்மா அவளை விரட்டவில்லை. “அதுக்குப் பசிக்காதும்மா” என்றாள். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. அன்று நான் காப்பி குடிக்கவில்லை என்று எழுத ஆசைதான். குடித்தேன்.

அடுத்த வருடக் கடைசியில் மறு கணிப்பு வந்தது. அவள் கொட்டகைக்குப் போகாமல் தப்பிக்க எவ்வளவோ பார்த்தேன், நடக்கவில்லை. வைக்கோல் கன்று சுவரில் மாட்டியிருந்தது. மாடு மறுபடி ஈன்றிருந்தது. அன்று காலைகூட மூன்று படி குறையாமல் என் வாசலிலேயே கறந்த மாடு.

“எவ்வளவு கறக்குதும்மா?”

அவள் தரையைப் பார்த்தாள். “ரெண்டு படி சார்” என்றாள். “அதுவும் செல நாளு வராது.” பொய் சொல்லும் பழக்கம் விட்டுப்போயிருந்ததால் குரல் தடுமாறியது.

கொட்டகைக்கு உள்ளே ஏதோ அசைந்தது. புதுக் கன்று கழுத்தை நீட்டி என்னைப் பார்த்தது. அவள் சட்டென்று எழுந்துபோய் எனக்கும் அதற்கும் நடுவில் நின்று, முந்தானையை விரித்து அதை மூடிக்கொண்டாள்.

நான் இரண்டு படி என்று எழுதினேன். எதுவும் சேர்க்கவில்லை.