மான்கறிக்காக வாதாடிய வைதேகி

வைதேகி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பாலவாக்கம் கடற்கரையில் மீன் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய தம்பி ரகுதான் பேசினார். "அக்கா போய்ட்டா, ஸ்டெல்லா. கார்த்தால காபி கலந்துண்டு இருந்தா, அப்படியே சாஞ்சுட்டா" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. முந்தின நாள் மாலை வரை ஃபோனில் என்னோடு சண்டை போட்டவர், பதிலுக்கு நான் சொல்ல வைத்திருந்ததைக் கேட்காமலே கிளம்பிவிட்டார். கையில் எடுத்த மீனைக் கூடையிலேயே போட்டுவிட்டு ரோட்டுக்கு வந்து, வந்த பஸ்ஸில் ஏறினேன். மயிலாப்பூருக்குப் போக வேண்டியவள் சைதாப்பேட்டை பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது பாதி வழியில்தான் தெரிந்தது.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவர் 'மான் டாக்டர்'. பேப்பரில் படம் பார்த்திருப்பீர்கள். நாங்கள் இருவரும் அரசாங்கக் கால்நடை மருத்துவர்கள், ஒரே காலத்தில் வேலைக்கு வந்தவர்கள். நான் மீன்பிடிக்கிற வீட்டுப் பெண். அவர் மயிலாப்பூர்க் கோயில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், வெங்காயத்துக்கே நாள் பார்க்கிற வீட்டில் பிறந்தவர். அவருக்கு முதலில் கிடைத்த பணியிடம் ஆட்டுத்தொட்டி. விடியற்காலையில் அறுத்த ஆடுகளின் ஈரலை அழுத்திப் பார்த்து, நோய் இல்லை என்று முத்திரை குத்தி அனுப்புகிற வேலை. மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் அசையவில்லை. "நான் சாப்பிட மாட்டேன். அதுக்காக சாப்பிடறவாளுக்கு அழுகினது போகலாமா?" என்றார். அந்த வாக்கியத்தை அவர் வாழ்நாள் முழுக்க வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார், பல பேரின் பொல்லாப்பையும் அதனால்தான் சம்பாதித்தார்.

ஓய்வு பெற்ற பிறகு அவரைத் தேடி வந்தது மான் வேலை. அடையாறு பக்கம் சுற்றுச்சுவர் போட்ட ஒரு பழைய வளாகம், எது என்று சொல்லப்போவதில்லை. உள்ளே புள்ளிமான்கள் பெருகிப் புல் தீர்ந்துபோய், குப்பையில் கிடந்த பிளாஸ்டிக் பையைத் தின்று செத்துக்கொண்டிருந்தன. கொஞ்சம் மான்களைப் பிடித்துத் திருப்போரூருக்கு அப்பால் ஒரு காப்புக்காட்டில் விட வேண்டும் என்று முடிவானது. துரத்திப் பிடித்தால் மான் பயத்திலேயே செத்துவிடும். அதனால் வைதேகி பச்சைத் துணி கட்டி, வாய் அகலமாகவும் உள்ளே போகப் போகக் குறுகலாகவும் ஒரு பட்டி போட்டார். உள்ளே தீவனம் வைத்துக் காத்திருந்தால் பசிக்கிற மான் தானாக வந்து நுழையும் என்பது கணக்கு. ஒரு மான்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஏன் என்று சுற்றி வந்து பார்த்தால், சுவருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து மாமிகள் வரிசையாக நிற்கிறார்கள், கையில் கட்டுக் கட்டாக அகத்திக்கீரை. துவாதசிக்குப் பசுவுக்குக் கொடுக்க வாங்கியதில் மானுக்கும் பங்கு. பட்டினி போட்டுப் பிடிக்கப் போகிறார்களாம் என்று யாரோ சொன்னதால் அந்த வாரம் பங்கு இரட்டிப்பு. கம்பி இடைவெளியில் கீரையை நீட்டி, "வாடா கண்ணா, வா வா" என்று கூப்பிட, மான்கள் ஆடி அசைந்து போய்க் கையிலிருந்து தின்றுகொண்டிருந்தன.

நானாக இருந்தால் போலீசைக் கூப்பிட்டிருப்பேன். வைதேகி அவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்து காபி குடித்தார். "மாமி, நீங்க உள்ளே வந்து போடுங்கோ, பட்டிக்குள்ள நின்னுண்டு கூப்பிடுங்கோ" என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் விடியற்காலை ஒரு மாமி பட்டிக்குள் நின்று கூப்பிட, மான்கள் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிற மாதிரி உள்ளே போயின. படலை மூடியபோது அந்த மாமி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒன்றுகூடச் சாகாமல் பிடித்த மான்கள் எல்லாம் காடு போய்ச் சேர்ந்தன. வைதேகி இனிப்பு வாங்கிக் கொடுத்தார். பேப்பரில் படம் வந்தது அப்போதுதான்.

உங்களில் பலருக்குக் கதை இங்கேயே முடிந்துவிட்டது. எனக்கு ஆற்றாமை தொடங்குவதே இதற்குப் பிறகுதான்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் வைதேகியின் வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்றார். பெயர் ஏகாம்பரம், அந்தக் காப்புக்காட்டை ஒட்டி வேர்க்கடலை போடுகிறவர். கையில் வேரோடு பிடுங்கிய செடிகள், மேலே ஒரு இலை கிடையாது. நானும் அங்கே இருந்தேன். "மெட்ராஸ்ல இருந்து மான் கொணாந்து வுட்டது நீங்கதானாம்மா?" என்றார். ஆமாம் என்றார் வைதேகி. "அப்ப வந்து பாருங்க. எங்க காட்டு மான் வந்தா கத்துவோம், ஓடிடும். இது இன்னாம்மா, கத்துனா கிட்ட வருது! வந்து கையப் பாத்துக்கினு நிக்குது."

நான் சிரித்துவிட்டேன். வைதேகி சிரிக்கவில்லை. அன்றைக்கே மூவரும் ஒரு வண்டி பிடித்துப் போனோம். சாயங்காலம் மான்கள் காட்டிலிருந்து இறங்கின. ஏகாம்பரம் தகரத்தைத் தட்டி, தொண்டை கிழியக் கத்தினார். அவை தலையைத் தூக்கிப் பார்த்தன, பிறகு மெதுவாக எங்களை நோக்கி நடந்து வந்தன. ஒன்று வைதேகியின் கைப்பையை முகர்ந்தது. "நான் மானை அனுப்பலை, ஸ்டெல்லா. நம்ம மாமிகளோட செல்லங்களை அனுப்பிட்டேன்" என்றார். பிறகு ஏகாம்பரத்தைப் பார்த்து, "இதுக்கு ஒரு வழி பண்றேன், என்னை நம்புங்கோ" என்றார். அந்த வார்த்தைக்குப் பிறகு அவர் நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த போகத்திலும் அதே கதை. இடையில் ஒரு நாள் தெருநாய்கள் ஒரு கிடா மானைக் கடலைக்காட்டு ஓரத்தில் கடித்துப் போட்டுவிட்டன. பரிசோதனைக்கு வனத்துறையினர் வைதேகியை அழைத்தார்கள், துணைக்கு நானும் போனேன். ஆட்டுத்தொட்டியில் செய்த மாதிரியே ஈரலை அழுத்திப் பார்த்தார், கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்த்தார். "குத்தமில்லாத கறி" என்றார். சட்டப்படி அதைத் தொட்டாலே குற்றம், எரித்தாக வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தார்கள். ஊர் ஜனம் சுற்றி நின்று பார்த்தது. ஏகாம்பரத்தின் மனைவி யாரையும் பார்க்காமல், "எங்க கடலைய தின்னு கொழுத்தது, எங்களுக்கு வாசனை மட்டும்" என்றார். காரில் திரும்பும்போது வைதேகி ஜன்னலைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். திடீரென்று என்னிடம், "உங்க கடல்ல எப்படி? வருஷத்துல இத்தனை நாள் வலை போடக்கூடாதுன்னு தடை இருக்கோன்னோ?" என்று கேட்டார். இருக்கிறது, மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்றேன். "அப்போ மிச்ச நாள் பிடிக்கலாம்னு அர்த்தம். மீனுக்கு ஒரு கணக்கு இருக்கு. மானுக்கு மட்டும் கும்பிடு, இல்லேன்னா நெருப்பு. நடுவுல ஒண்ணுமே கிடையாதா?"

இதைத்தான் அவர் தி.நகரில் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். விலங்குகளை நேசிப்பவர்கள் கூடிய அரங்கு. காடு எத்தனை மானைத் தாங்கும் என்று பார்த்து, மிஞ்சியதை அரசாங்க ஆளே சுட வேண்டும். டாக்டர் சோதித்து முத்திரை குத்திய கறி, பயிரை இழந்த ஊருக்குப் போக வேண்டும். குட்டி போடுகிற காலத்தில் யாரும் துப்பாக்கியைத் தொடக்கூடாது. அவ்வளவுதான் பேச்சு. அரங்கமே கொதித்தது. பட்டிக்குள் நின்று கூப்பிட்ட அதே மாமி எழுந்தார். "உங்காத்துல மான்கறி பண்ணுவேளா, வைதேகி?" வைதேகி மைக்கை விடவில்லை. "எங்காத்துல பண்ண மாட்டோம், மாமி. அவா ஆத்துல அடுப்பு எரியணும். நீங்களும் நானும் சேர்ந்துதான் அதை அணைச்சோம்." மாமி வெளியே போய்விட்டார். அதோடு வைதேகிக்கு அழைப்புகள் நின்றன. ரகுகூட ஒரு வருஷம் அக்காவோடு பேசவில்லை, அமாவாசைக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் பேசாமலே போவார். வைதேகி மட்டும் அந்த அனுமதிக்காக அலுவலகம் அலுவலகமாகப் படி ஏறினார். பெஞ்சில் உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார், வராந்தாவில் நடந்துகொண்டே இருப்பார்.

கடைசிச் சண்டையும் இதில்தான். கறி பயிரிழந்தவருக்கு மட்டும் என்பது அவர் கட்சி. எங்கள் கரையில் வலை இழுத்தால் ஆண் துணை இல்லாத வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு, ஊருக்கே பங்கு வைக்கவேண்டும் என்பது என் கட்சி. ஒரு கிலோ கறியைக்கூடச் சட்டம் இன்னும் அனுமதிக்கவில்லை, நாங்கள் ஃபோனில் பங்கு பிரித்துக்கொண்டிருந்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, வயிறும் எரிகிறது.

படத்திறப்பு மயிலாப்பூரில் ஒரு சிறிய அரங்கில் நடந்தது. வாசலில் பெரிய பேனர். மான்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுக்கும் வைதேகி, மேலே 'மான்களின் தாய்'. பேசியவர்கள் எல்லோரும் கருணை, அன்பு, வாயில்லா ஜீவன் என்றார்கள். என்னால் நாற்காலியில் இருக்க முடியவில்லை. என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னபோது, "வைதேகி மானைச் சுட அனுமதி கேட்டவர், கறியை ஏழை வீட்டுக்குக் கொடுக்கச் சொன்னவர்" என்று தொடங்கினேன். அமைப்பாளர் பக்கத்தில் வந்து, "மேடம், இன்னிக்கு அது வேணாமே" என்றார். "இன்னிக்குச் சொல்லாம என்னிக்குச் சொல்றது?" என்று கேட்டுவிட்டு முழுக்கச் சொன்னேன். கைதட்டல் இல்லை. ரகு மட்டும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார், பிறகு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே செருப்பு போடும் இடத்தில் ஏகாம்பரம் நின்றிருந்தார். அவருக்கு யாரும் சொல்லவில்லை, பேப்பர் பார்த்து வந்திருக்கிறார். கண் சிவந்திருந்தது.

"இந்தப் போகமும் போச்சுன்னா நெலத்த பிளாட்டுக்காரனாண்ட குடுத்துட்டு வாட்ச்மேனா போய்க்கினு இருக்க வேண்டியதுதாம்மா. மேடம் ஒரு வழி பண்றேன்னாங்க. இனிமே நான் யாராண்ட போறது?"

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து நாளாகிவிட்டது. வைதேகியின் வீணையை ரகு வைத்துக்கொண்டார், புத்தகங்களை ஒரு கல்லூரி எடுத்துக்கொண்டது. உனக்கு என்ன வேண்டும் என்று என்னையும் கேட்டார்கள். எதுவும் வேண்டாம் என்றேன். எனக்கு உரியதை நான் செருப்பு வாசலிலேயே எடுத்துக்கொண்டுவிட்டேன்: என் முகவரியை ஏகாம்பரத்துக்குச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை அவரோடு அந்த அலுவலகப் படி ஏறுகிறேன்.