நொச்சித் தலையணை

இன்றைக்கு சைனஸ் என்று கூசாமல் சொல்லிக்கொள்கிறார்கள். நான் கல்யாணமாகி வந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அதற்கு நீர்க்கோவை என்று பெயர். பெண் வீட்டார் அதை வெளியே சொல்ல மாட்டார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே இருந்தது. குனிந்தால் நெற்றிக்குள் கல் உருளும். மூக்கு அடைத்துக்கொண்டால் இரண்டு நாளைக்குச் சோறு மண்ணாக இருக்கும். "நோயாளிப் பிள்ளையத் தலையில கட்டிட்டான்னு திருப்பி அனுப்பிருவாக. வாயத் தெறக்காத" என்று சொல்லித்தான் அப்பா என்னை ஒத்தக்கடையிலிருந்து சிம்மக்கல்லுக்கு அனுப்பினார்.

அம்மா ஒரு தலையணை கொடுத்தாள். நிழலில் காயவைத்த நொச்சி இலையை அடைத்துத் தைத்தது. அதில் படுத்தால் காலையில் மூக்கு திறந்திருக்கும். மற்றதெல்லாம் என் பொறுப்பு: ராத்திரி தயிர் கூடாது, ஈரத் தலையோடு படுக்கக் கூடாது, விடியற்காலையில் ஆற்றில் தலை முழுகக் கூடாது. போர்வைக்குள் வெந்நீர் ஆவியில் வேது பிடிப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம், ஊரே என்னவென்று கேட்கும்.

நோயை மறைக்கலாம், பத்தியத்தை எப்படி மறைப்பது? வெள்ளிக்கிழமைகளில் மாமியார் இருட்டோடு வைகைக்குக் கூப்பிடுவார். வயிற்றுவலி என்பேன். எத்தனை வெள்ளிக்கிழமைக்குத்தான் வயிறு வலிக்கும்? தயிரை ஒதுக்கினால் என் முகத்தையே பார்ப்பார். தலை குளித்தால் முடி காயும்வரை மொட்டைமாடி வெயிலில் உட்கார்ந்திருப்பேன். யாருக்குக் கண் காட்ட ஏறினாள் என்று அவர் படிக்கட்டில் நின்று வேவு பார்ப்பார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. அவர் என் பெட்டியைத் திறக்கிறாரா என்று அறிய மூடியிடுக்கில் ஒரு முடியை வைத்துவிட்டுப் போவேன். திரும்பி வந்தால் முடி இருக்காது.

மூன்றாம் மாதம் அண்ணன் வண்டியில் வந்தபோது, அம்மா ஒரு மூட்டை புது இலை கொடுத்தனுப்பியிருந்தாள். அதைத் தலையணைக்குள் மாற்றி அடைத்ததை மாமியார் கதவிடுக்கில் பார்த்துவிட்டார். அதே வாரம்தான் என் கணவர் தாயிடம் கேட்காமல் எனக்குப் பூ வாங்கி வந்திருந்தார். இரண்டையும் முடிச்சுப்போட மாமியாருக்கு ஒரு நொடி போதும். மருமகள் தலையணையில் வசிய மருந்து வைத்து மகனை மயக்கிவிட்டாள்.

வயிற்றிலிருந்து மருந்து எடுக்கிறவன் ஒருவன் திருப்பரங்குன்றம் பக்கம் இருந்தான். மகனை அங்கே கூட்டிப்போனார். அவன் எதையோ குடிக்கக் கொடுத்து வாந்தியெடுக்க வைத்து, உள்ளேயிருந்து வந்ததாக ஒரு முடிக்கொத்தைக் காட்டினானாம். அது முன்பே அவன் உள்ளங்கையில் இருந்திருக்கும், எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் என் கணவர் நம்பிவிட்டார். அன்றுமுதல் நான் கொடுத்த தண்ணீரைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார். பெண்ணைக் கூட்டிப்போகச் சொல்லி அப்பாவுக்கு ஆள் போனது.

அப்பா வரவேண்டிய நாள் மதியம், மாமியார் தலையணையைக் கூடத்தில் போட்டு அரிவாளால் தையலைப் பிரித்தார். தகடு இல்லை, தாயத்து இல்லை, இலைதான் கொட்டியது.

"யாருக்குடி இம்புட்டுத் தழை?" என்றார்.

வசியக்காரி என்று பெயரெடுத்துப் போவதைவிட நோயாளி என்று போவது மேல் என்று பட்டது. உள்ளதைச் சொன்னேன். குனிந்தால் வருகிற வலி, அடைக்கிற மூக்கு, மணம் தெரியாத சோறு, எல்லாவற்றையும். என் அப்பாவை ஏமாற்றுக்காரன் என்று ஏசுவார் என்று காத்திருந்தேன். அவரோ இலைகளை அள்ளி உறைக்குள் திணித்து, வாயை ஒட்டுத் தையல் போட்டு, தலையணையோடு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்பாவிடம் காட்டுவதற்காகப் பத்திரப்படுத்துகிறார் என்றுதான் நினைத்தேன்.

அப்பா வந்து வெகுநேரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். என் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டேன். அப்புறம் கதவு திறந்தது. மாமியாரின் கன்னத்தில் தலையணைத் தையல் பதிந்திருந்தது. பெண்ணை அனுப்புவதாக இல்லை என்றும், அடுத்த தடவை இலை இரண்டு மூட்டையாக வரவேண்டும் என்றும் அப்பாவிடம் சொன்னார். தலையணையைத் தானே சோதித்துவிட்டதாகவும் அதில் மருந்து எதுவும் இல்லை என்றும் மகனிடம் சொன்னார். அப்பா காரணம் கேட்கவில்லை, விட்டால் போதும் என்று வண்டி ஏறினார்.

அதன்பின் மாமியார் அடுப்படிக்கு வந்து என் காதருகே குனிந்தார்.

"எனக்கும் இருக்குத்தா. வாக்கப்பட்டு வந்து முப்பது வருசம், ஒன் மாமாவுக்குக்கூடத் தெரியாது. நீயும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிறாத."

அந்த வலியோடுதான் வெள்ளிதோறும் குளிர்ந்த ஆற்றில் முழுகியிருக்கிறார். எனக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. முப்பது வருடம் அதை அனுபவித்தவருக்கு, இன்னொருத்திக்கும் அது இருக்கலாம் என்று தோன்றவில்லையே; மருந்து வைத்தாள் என்றல்லவா தோன்றியது. அன்று சாயங்காலமே பழைய சேலையைக் கிழித்து அவருக்கு ஓர் உறை தைத்து, என் இலையில் பாதியை அதில் அடைத்தேன். நாளைக்கு இதையும் எனக்கு எதிராகத் திருப்புவாரோ என்ற பயத்தில், கடைசித் தையலை அவர் கையாலேயே போடச் சொன்னேன்.