பின்சீட்டுப் பாரம்

என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், செப்டெம்பரில் ஒரு கறுப்பு ஜெர்மன் கார் வாங்கினார். அந்த ஞாயிற்றுக்கிழமையே, பூசை முடிந்து வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி, அதைக் கோவில் வாசலுக்கு நேரே நிறுத்தினார். இந்தக் காரைப் பின்சில்லுகள்தான் தள்ளும் என்றார். முன்சில்லுகள் இழுக்கிற கார்கள் மரக்கறி வாங்கப் போகிறவர்களுக்கு உரியவை என்றும், ஓட்டத் தெரிந்தவனுக்கு உரியது இதுதான் என்றும் விளக்கினார். இந்த ஞானமெல்லாம் ஒரு மாதமாகக் கைத்தொலைபேசியில் படம் பார்த்துப் பெற்றது. அதற்கு முன் பதினெட்டு வருடம் அவர் ஓட்டிய கார்களில் எந்தச் சில்லு எதைச் செய்தது என்று அவருக்கே தெரியாது.

குளிர்காலத்தில் என்ன செய்வீர்கள் என்று ஒருவர் கேட்டார். ஓட்டத் தெரிந்தவனுக்குக் குளிர்காலம் என்ன, கோடை என்ன என்றார் அத்தான். கேட்டவர் பனி வழிக்கும் வண்டி ஓட்டுகிறவர். அவர் தன் கோப்பியைக் குடித்தார்.

நாங்கள் மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரே கட்டடத்தில் இருக்கிறோம். அவர்கள் மூன்றாம் மாடி, நான் முதலாம் மாடி. அத்தானுக்கு டோர்வல் விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றும் வேலை. எனக்கு அதற்குப் பக்கத்திலேயே, விமானத்துக்குச் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கும் சமையற்கூடத்தில் வேலை. இருவருக்கும் காலை எட்டு மணிக்குத் தொடங்கும். மெட்ரோவும் பஸ்ஸும் மாறிமாறிப் போவதைவிட அவரோடு போவது சுகம் என்பதால் முன்சீட்டில் இருந்து போனேன். வழி முழுவதும் காரைப் பற்றியே கதைப்பார். இடையில் மூச்சு வாங்கினால் மற்றவர்கள் ஓட்டுகிற விதத்தைத் திட்டுவார்.

நவம்பர் கடைசியில் முதல் பனி விழுந்தது. பெரிய பனி ஒன்றுமில்லை, நாலு விரல் உயரம். பிள்ளைகளைக் காப்பகத்தில் விடப் போகிற தாய்மார்கள் பழைய சின்னக் கார்களில் வழக்கம்போலப் புறப்பட்டுப் போனார்கள். அத்தானின் கார் நின்ற இடத்திலேயே நின்று உறுமியது. பின்சில்லுகள் சுழன்று சுழன்று பனியைக் கண்ணாடிபோல மினுக்கின. பிறகு பின்பக்கம் மெல்லச் சரிந்து, பக்கத்துக் காருக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றது. சட்டத்துக்குப் பயந்து குளிர்கால டயர் போட்டிருந்தார்தான். ஆனால் அவை யாரோ நாலு வருடம் ஓடித் தேய்த்துக் கழற்றியவை. அதைச் சொன்னதற்கு, டயரில் பிழை இல்லை, பின்பக்கம் பாரம் காணாது என்றார்.

முதலில் இரண்டு மணல் மூட்டைகள் டிக்கியில் ஏறின. அது போதாமல் அக்காவின் அரிசி மூட்டையும் ஏறியது. அக்கா கையில் சுண்டோடு மூன்று மாடி இறங்கி வந்து, தெருவில் நின்று டிக்கியைத் திறந்து, அன்றைய சோற்றுக்கு அரிசி அளந்துகொண்டு போவாள். யாரும் பார்ப்பார்களே என்று அவளும் யோசிக்கவில்லை.

அடுத்தது நான்.

"மச்சாள், நீர் பின்னுக்கு இரும்," என்றார் ஒரு நாள் காலை. "முன்னுக்கு இருந்தால் பாரம் எல்லாம் வீணாப் போகுது."

நான் பருத்த உடம்புக்காரி. அவர் பகிடியாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு அவருடைய வழுக்கையைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் பகிடி விடவில்லை. ஒரு மூட்டையை எங்கே வைத்தால் சரியாக இருக்கும் என்று யோசிக்கிறவரின் முகத்தோடு சொன்னார். பின்கதவால் ஏறி வலப்பக்கம் இருந்தேன். திரும்பிப் பார்த்தார்.

"நடுவிலை இரும். ஒரு பக்கம் இருந்தால் கார் இழுக்கும்."

நடுவில் போய் இருந்தேன். அதற்கு அவரை மட்டும் ஏசுவது நியாயமில்லை. வெளியே அப்படியொரு குளிர். காருக்குள் சூடு இருந்தது. அந்தச் சூட்டுக்காக நான் வாயை மூடிக்கொண்டேன். ஐம்பத்தொரு வயதில், முழங்கால்களை ஒடுக்கிக்கொண்டு, ஆறு கிழமை மூட்டையாகப் பயணம் செய்தேன்.

ஜனவரி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் நாள் மாலையில் தொடங்கிய பனி விடிந்தும் விடவில்லை. நாங்கள் போகும் வழியில், ரயில் பாதைக்குக் கீழே வீதி பள்ளமாக இறங்கி மறுபக்கம் ஏறும். இறங்கும்போது காரில் ஒரு குறையும் இல்லை. ஏற்றத்தின் பாதியில் வேகம் குறைந்தது. அத்தான் இன்னும் அழுத்தினார். பின்பக்கம் இடப்புறம் போக, மூக்கு வலப்புறம் திரும்ப, கார் வீதிக்குக் குறுக்கே நின்றுவிட்டது. எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. அதற்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் கார்கள்.

நான் கதவில் கை வைத்தேன்.

"இறங்காதையும்," என்றார். "நீர் இறங்கினால் இது அசையாது."

பஸ் ஓட்டி வந்தவள் என் வயதுப் பெண். இறங்கி வந்து டயர்களைப் பார்த்தாள், பிறகு அத்தானைப் பார்த்தாள். இப்படியான காரை இந்த நாளில் எதற்கு வெளியே எடுத்தீர் என்று பிரெஞ்சில் கேட்டாள். அந்தக் கேள்வி மட்டும் அத்தானுக்கு விளங்கவில்லை. அவள் திரும்பிப் போய்ப் பஸ்ஸில் இருந்தவர்களைக் கூப்பிட்டாள். ஆறேழு பேர் இறங்கி வந்து காரின் பின்பக்கத்தில் கை வைத்தார்கள்.

நான் திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். என்னைவிட மூத்த ஒரு பஞ்சாபிப் பெண், ஒரு கையில் சாப்பாட்டுப் பையைப் பிடித்தபடி, மற்றக் கையால் தள்ள ஆயத்தமாக நின்றார். உள்ளே இருந்த என்னை உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பாவம், இந்த மனுசிக்கு நடக்க முடியாதாக்கும் என்கிற இரக்கம் இருந்தது. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

இறங்கினேன். அத்தான் ஏதோ கத்தினார். நான் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் போய்க் கை வைத்தேன். பஸ்காரி மூன்று வரை எண்ணினாள். எல்லோரும் தள்ளினோம். சில்லுகள் என் வாய்க்குள் பனியை வாரி இறைத்தன. கார் நேராகி, பிடித்து, மெல்ல மேலே ஏறியது. பஸ்ஸுக்குள் இருந்து பார்த்த மாணவர்கள் கை தட்டினார்கள். மேலே போனதும் நிற்கும் என்று பார்த்தேன். பிரேக் வெளிச்சம் எரியவேயில்லை. ஒழுங்காகச் சைகை விளக்குப் போட்டு, வலப்பக்கம் திரும்பி, போய்விட்டார். என் கைப்பை, தொலைபேசி, வேலைச் சப்பாத்து, மதியச் சாப்பாடு எல்லாம் அதற்குள்.

நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உன் கணவரா என்று பஸ்காரி கேட்டாள். இல்லை, அக்காவின் கணவர் என்றேன். பிரெஞ்சில் இவ்வளவு வேகமாக நான் எவருக்கும் பதில் சொன்னதில்லை. பயணச் சீட்டு ஒன்றும் கேட்காமல் என்னை ஏற்றி, முன்னால் சூடு வருகிற இடத்தில் இருத்தினாள்.

ஒரு மணி நேரம் பிந்தி வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். என் பைகள் வாசல் காவலாளியிடம் இருந்தன. வேலை முடிந்து வெளியே வந்தபோது அத்தான் காரைச் சூடாக்கிக்கொண்டு காத்திருந்தார். ஏன் நிற்கவில்லை என்று கேட்டேன்.

"நிப்பாட்டினால் பேந்து வெளிக்கிடாது எண்டு உமக்குத் தெரியும்தானே," என்றார். அவர் குரலில் வெட்கம் துளியும் இல்லை. "சரி, ஏறும். இண்டைக்கு வேணுமெண்டால் முன்னுக்கு இரும்."

"நான் பஸ்ஸிலை வாறன், அத்தான்," என்றேன்.

அன்று மாலை அக்கா இறங்கி வந்து ஏசினாள். தினமும் ஏற்றிப் போன மனுசனை நான் அவமதித்துவிட்டேனாம், அவர் சாப்பிடாமல் படுத்திருக்கிறாராம். அரிசி டிக்கியில் இருப்பதால் நீ சமைக்கவில்லையாக்கும் என்றேன். இரண்டு மாதம் அவள் என்னோடு கதைக்கவில்லை.

கோடையில் கார் ஓடப் பழகினேன். மொன்றியலுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும் பழகாமல், கண்டவர் காரில் பாரமாக இருந்த என் மடைமையையும் சொல்லத்தான் வேண்டும். முதல் சோதனையில் தவறி, இரண்டாவதில் தேறினேன். பச்சையென்றும் சொல்ல முடியாத, நீலமென்றும் சொல்ல முடியாத ஒரு பழைய சின்னக் கார் வாங்கி, நாலு புதுக் குளிர்கால டயர் போட்டேன். பனி வந்தபோது அது அந்த ஏற்றத்தில் சத்தமில்லாமல் ஏறியது. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எல்லோருடைய காரும் ஏறுகிறது.

கறுப்புக் காரை அத்தான் இப்போது டிசம்பரில் மொன்றியல் தீவின் மேற்கு முனையிலுள்ள சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு நண்பரின் கராஜில் விட்டுவிடுகிறார். ஞாயிறுகளில் பூசை முடிந்து, பஸ் மாறிமாறி அந்தத் தீவு முனைக்குப் போய், எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டுக் கேட்டுவிட்டு வருவாராம். ஆஸ்பத்திரியில் இருக்கும் சொந்தக்காரரைப் பார்த்து வருவதைச் சொல்வதுபோல அக்கா இதைச் சொல்கிறாள்.

போன குளிர்காலத்தில் ஒரு காலை, பஸ் நிறுத்தத்தில் அத்தான் குளிர்க் கோட்டின் கழுத்துப் பட்டியைக் காதுவரை இழுத்துவிட்டபடி நின்றார். நான் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஏறச் சொன்னேன். அவர் முதலில் டயர்களைப் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"நீர் போம். பஸ் வருது."

வீதியின் கடைசிவரை பஸ் எதுவும் தெரியவில்லை. நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு வேலைக்குப் போனேன்.