என் கணவரின் ஜெபக் கருத்துகள்

அயர்லாந்தில் நான் நர்ஸாக இருக்கும் முதியோர் இல்லத்தில், கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி என் பையிலிருந்து விழுந்த ஜெபமாலையை எடுத்துக் கொடுத்து, இதற்குப் பொருத்தமான தோடும் உண்டா என்று கேட்டாள். கேலியில்லை, ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளைதான், அது ஜெபிக்கும் மாலை என்று நிஜமாகவே தெரியவில்லை. குடும்பமாக உட்கார்ந்து தினமும் ஜெபிப்போம் என்றேன். ஐயோ பாவம் என்பதுபோல் தோளைத் தட்டினாள். புரியாமல் தட்டுகிறாள் என்று அப்போது நினைத்தேன். புரிந்துதான் தட்டினாளோ என்று இப்போது சந்தேகம்.

தேவாரம் என்கிற எங்கள் ஊரில், வீட்டில் மாலை ஏழு மணிக்கு ஜெபமாலை. என் கணவர் சூசை முன்னால் முழங்காலிடுவார். பின்னால் மாமியார், நான், மகள் ஜெனி. தெருவில் வேறு கிறிஸ்தவ வீடு இல்லை என்பதால் அவருக்குச் சத்தம் கொஞ்சம் கூடுதல். தோட்ட வேலை முடிந்து திரும்பும் அக்கம்பக்கத்தார், என்ன பக்தி என்று மெச்சுவார்கள். நடுவே அவர் தணிந்த குரலில் சொல்லும் கருத்துகள் மட்டும் அவர்கள் காதில் விழுந்ததில்லை. மாலையில் பத்துப் பத்தாகக் கோத்த மணிகளை உருட்டத் தொடங்கும் ஒவ்வொரு முறையும், இன்னதற்காக என்று ஒரு கருத்துச் சொல்லி வேண்டிக்கொள்வது வழக்கம். உலக சமாதானம், நோயாளிகள் என்று தொடங்கி, மூன்றாவதில் என்னிடம் வந்துவிடுவார். குழம்பில் உப்புக் குறைந்தால், என் மனைவிக்குப் பொறுப்பைத் தாரும். எதிர்த்துப் பேசியிருந்தால், தாழ்ச்சியைத் தாரும். நேரில் சொல்லத் தைரியமில்லாததையெல்லாம் மாதாவிடம் சொல்லி அனுப்புவார். நானும் ஆமென் சொல்லித் தொலைப்பேன்.

2003இல் எனக்கு இங்கே வேலை உத்தரவு வந்தது. அன்று மாலை, என் மனைவி வெளிநாட்டு ஆசையை விட்டு வீட்டோடு இருக்க வரம் தாரும் என்றார். மாமியார் ஆமென் என்றார். ஏழு வயது ஜெனியும் சொன்னாள். நான் சொல்லவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் வாயத் தொறக்க மாட்டேங்கிற?"

"மாதா கேக்குறாகளா, நீங்க கேக்குறீகளா? நீங்கன்னா எந்திரிச்சு வந்து என்கிட்டக் கேளுங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. விரலை மாலையின் அடுத்த மணிக்கு நகர்த்திவிட்டார். நான் அயர்லாந்துக்கு வந்துவிட்டேன்.

ஒன்றரை வருடம் கழித்து அவரும் ஜெனியும் வந்து சேர்ந்தார்கள். வந்த மாதமே, தமிழ், மலையாளக் குடும்பங்கள் கூடும் ஜெபக்கூட்டத்தில் எழுந்து சாட்சி சொன்னார்: தன் இடைவிடாத ஜெபமாலையால்தான் மனைவிக்கு இந்த வேலை கிடைத்ததாம். எல்லோரும் கைதட்டினார்கள். மரியாதைக்கு நானும் தட்டினேன்.

வீட்டில் அன்றைய ஜெபமாலையில் மூன்றாவது கருத்தை நான் முந்திக்கொண்டு சொன்னேன்: "பொய்ச்சாட்சி சொன்னவருக்காக வேண்டிக்குவோம்."

ஜெனி ஆமென் என்றாள். அவர் அந்தப் பத்து மணிகளையும் உருட்டி முடித்தார். பிறகு, "நீ போனா அங்கன வீடு வீடா இருக்காதுன்னு பயந்துட்டேன்" என்றார். அதையும் மாதா படத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

அன்று முதல் கருத்துச் சொல்வதை விட்டுவிட்டார். முன்னால் முழங்காலிடுவது இப்போது நான். ஒவ்வொரு மணிக்கும் சொல்லும் அருள் நிறை மந்திரத்தின் முதல் பாதியை நான் தமிழில் சொல்ல, மறுபாதியை ஜெனி இங்கிலீஷில் சொல்லி முடித்துவிடுகிறாள். அதே மறுபாதியை அவர் சொல்லும் தமிழ் இன்னும் பாதி வழியில் இருக்கும். ஒருத்தி முடித்து, ஒருவர் முடிக்காத அந்த இடைவெளியில், அடுத்த மணியை விரலில் பிடித்தபடி நான் காத்திருக்கிறேன்.