அணிந்துரை இல்லாத புத்தகம்

மட்டக்களப்பில் நான் பக்கம் வடிவமைக்கும் அச்சகத்துக்கு அவர் ஸ்கூட்டரில்தான் வருவார். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பிப்பவர். ஒட்ட வெட்டிய நரைமுடி, கஞ்சி போட்ட பருத்திச் சேலை. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்து, அதன்மேல் தாளை வைத்துத்தான் புரூப் திருத்துவார். மேசையை ஒதுக்கிக் கொடுத்தாலும் வேண்டாம் என்பார். அந்த உருண்டையின்மேல் எழுத்து எப்படி நேராக வந்ததோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அவர் கொண்டுவந்தது ஒரு மொழிபெயர்ப்பு. நானூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் சில பெண்கள் கடவுளையும் நல்வாழ்வையும் பற்றி எழுதிய சிந்தனைகள். நானும் வழக்கம்போல் முன்னால் நாலு பக்கம் விட்டுவைத்துக் கேட்டேன்.

"அணிந்துரை ஆரிட்ட வாங்கப் போறீங்க மிஸ்? ஃபாதரிட்டயா, பேராசிரியரிட்டயா?"

அவர் திருத்துவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"இத எழுதின பொம்பளைகள்ல கனபேர், 'நான் அறிவில்லாத பொம்பள, மன்னிக்கணும்' எண்டு முதல்ல எழுதி, ஒரு குருவானவரிட்ட நல்ல வார்த்தை வாங்கித்தான் புத்தகத்த வெளிய விட்டவங்க, புள்ள. இஞ்ச வந்தும் வாசல்ல ஒரு ஆம்பிள நிண்டு சொன்னாத்தான் உள்ள விடணுமா?"

நாலு பக்கத்தையும் அழித்தேன். அழிக்கும்போது என் முதுகும் நிமிர்ந்தது.

புத்தகம் விற்பனைக்குப் போன பிறகு, செங்கலடியில் புத்தகக் கடை வைத்திருப்பவர் ஒரு பிரதியோடு வந்து சத்தம் போட்டார்.

"தங்கச்சி, புத்தகத்தக் கட்டக்குள்ள முன்பக்கங்கள விட்டுட்டீங்க. அணிந்துரையக் காணல்ல!"

"விடுபடல்ல அண்ணன். வாசல்ல ஆள் வேணாமெண்டுதான் எடுத்தது. நீங்க உள்ளுக்குப் போங்க, எழுதினவங்களே கதைப்பாங்க" என்றேன்.